எடைக்குப் போடச் சொன்ன லேப்டாப்

"இதெல்லாம் இனி ஆவாது. எடைக்குப் போட்டுட்டு புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க."

கடைக்காரர் (எந்த ஊரு, எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல) லேப்டாப்பைத் திறந்துகூடப் பாக்கல. மேல இருந்த அரசாங்க முத்திரையைப் பாத்தார். தீர்ப்பு சொல்லிட்டார்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்!

அந்த முத்திரையில இருக்குறது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னு எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பக்கத்து ஊருக் கோபுரம் போட்ட பெட்டிய எடைக்குப் போடச் சொன்னா கோவம் வராதா? பேசாம வாங்கிப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். ராயகிரி வந்து சேர்ற வரைக்கும் மனசுக்குள்ளயே அவரோட சண்டை போட்டேன். எல்லாச் சண்டையிலயும் நாந்தான் ஜெயிச்சேன்.

(ராயகிரி எங்கன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: ராஜபாளையம்-தென்காசி ரோட்டுல வந்தா சிவகிரி, வாசுதேவநல்லூர்னு வரும்ல, அதுக்குப் பக்கத்துல. மேற்க பாத்தா மலை. 2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், இப்ப தென்காசி மாவட்டம்.)

லேப்டாப்பு தங்கச்சியோடது. ப்ளஸ் டூ படிக்கையில பள்ளிக்கூடத்துல குடுத்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டம், 2011 செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஜெயலலிதா ஆரம்பிச்சு வச்சாங்களே, அதேதான். இவளுக்குக் கெடச்சது 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அன்னிக்கு அது எங்க தெருவுக்கே பெரிய விஷயம்.

இப்ப அவ டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கா. பழைய கேள்வித்தாள் பி.டி.எஃப். பாக்கணும், கிளாஸ் வீடியோ பாக்கணும். போன்ல பாத்துப் பாத்து கண்ணு எரியுதுங்கா. சரி, பரண்ல கெடக்குறத எடுப்போம்னு எடுத்தா... ஆன் பண்ணுனப்ப அம்மா இட்லி ஊத்துனாங்க. இட்லி வெந்து, எடுத்து, ஆறியும் போச்சு. திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

"அண்ணே, இது செத்துப் போச்சுண்ணே."

"ஏட்டி, சாகல. பழைய டிஸ்க்கு. அதான்."

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது மொத்தமே இவ்வளவுதான். பழைய லேப்டாப்பு மெதுவா ஓடுனா பெரும்பாலும் குத்தவாளி உள்ள சுத்துற தட்டுதான். அதை மாத்தி, அந்தப் பெட்டியால தாங்க முடிஞ்ச ஓ.எஸ். ஒண்ணைப் போட்டா இன்னும் சில வருஷம் ஓடும். அதுக்குக் கடைக்காரர் தீர்ப்பு தேவையில்ல.

சரி, ஏன் மெதுவா இருக்கு?

லேப்டாப்புல வர்ற ஹார்ட் டிஸ்க்குல ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தும். ஒரு முள்ளு அதுமேல அங்கயும் இங்கயும் நகர்ந்து படிக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச்சேர பத்துப் பன்னெண்டு மில்லி செகண்டு ஆகும். கேக்கக் கம்மியாத்தான் இருக்கு. ஆனா ஓ.எஸ். கிளம்பும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலப் படிக்கும். அதுவும் எல்லாம் வேற வேற மூலையில கெடக்கும்.

புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் போயி, ஒரு மூட்டை பழத்தை அப்படியே தூக்குன்னு சொன்னா ஒரு ஆள் தூக்கிருவான். அந்தக் குவியல்ல ஒண்ணு, இந்தக் கடைசியில ஒண்ணுன்னு ஆயிரம் பழம் பொறுக்குன்னு சொல்லிப் பாருங்க. நடந்தே செத்துருவான். ஹார்ட் டிஸ்க் படுற பாடு அதுதான். படம் ஒண்ணை காப்பி பண்ணும்போது நல்லாத்தான் இருக்கும். ஆன் பண்ணும்போதுதான் அழும்.

அதுக்குப் பதிலா மாட்டுற எஸ்.எஸ்.டி.யில தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. வெறும் சிப்பு. எந்த மூலையில இருந்தாலும் ஒரு மில்லி செகண்டுல பத்துல ஒரு பங்குக்குள்ள எடுத்துக் குடுத்துரும். "பழைய லேப்டாப்புல சாட்டா 2 இணைப்புதான் இருக்கும், எஸ்.எஸ்.டி. போட்டாலும் பாதி வேகம்தான் வரும், வேஸ்ட்டு"ன்னு ஒருத்தர் அறிவுரை சொன்னார். பாதின்னு சொன்னது உண்மைதான். புது எஸ்.எஸ்.டி. செகண்டுக்கு 550 எம்.பி. படிக்கும், சாட்டா 2-ல அதுல பாதிதான் வரும். வரட்டுமே! நமக்கு வேண்டியது முள்ளு நடக்குற நேரம் மிச்சமாகுறது. அது சாட்டா 2-லயும் முழுசா மிச்சம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எஸ்.எஸ்.டி.ன்னு தேடுனா முதல்ல சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியா ஒண்ணு வரும். அது எம்.2. 2012 வாக்குல வந்த லேப்டாப்புல அதுக்கு இடமே இருக்காது. நமக்கு வேணுங்கிறது 2.5 இன்ச் சாட்டா. பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், புதுசு 7 மில்லிமீட்டர். லொடலொடன்னு ஆடுச்சுன்னா கெட்டி அட்டை ஒண்ணை வெட்டி வச்சாப் போதும். 240 ஜி.பி. வாங்குனேன், ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சது (இப்ப என்ன விலையோ, இந்தச் சிப்பு வெலை ஏறி எறங்கிக்கிட்டே இருக்கு). மாட்டுன பெறகு 223-ன்னு காட்டும். ஏமாத்திட்டான்னு கத்தாதீங்க. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், சில ஓ.எஸ். 1024, 1024-ஆ எண்ணுது. அவ்வளவுதான்.

ஆனா "16 டி.பி. எஸ்.எஸ்.டி., வெறும் எண்ணூறு ரூவா"ன்னு ஆன்லைன்ல வருதே, அது மெய்யாலுமே ஏமாத்துதான். உள்ள சின்ன மெமரி கார்டு ஒண்ண ஒட்டி வச்சு, பெருசா இருக்குற மாதிரி பொய் சொல்ல வச்சிருப்பான். எஃப்3-ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. முழுசா எழுதிப் பாத்து, திரும்பப் படிச்சு, உண்மை அளவச் சொல்லிரும்.

கழட்டுற படலம்.

பேட்டரிய முதல்ல எடுத்துரணும். அப்புறம் ஸ்க்ரூ. ஒரு வெள்ளைப் பேப்பர்ல லேப்டாப்பு அடிப்பக்கத்தைப் படம் போட்டு, எந்த ஸ்க்ரூவை எங்கன கழட்டுனோமோ அங்கனயே குத்தி வச்சுட்டேன். (நீளமான ஸ்க்ரூவ குட்டையான எடத்துல போட்டா கீபோர்டு பக்கம் முட்டிக்கிட்டு நிக்கும். யூடியூப்ல இதை யாரும் சொல்றதில்ல.) திறந்து பாத்தா உள்ள ரெண்டு பல்லி முட்டை ஓடு. காலி ஓடுதான். பரண்ல குடித்தனம் நடந்திருக்கு. தங்கச்சி அலறுன அலறல்ல அடுத்த வீட்டுப் பெரியம்மா எட்டிப் பாத்தாங்க.

ஹார்ட் டிஸ்க்கச் சுத்தி ஒரு தகரச் சட்டம் இருக்கும், பக்கத்துக்கு ரெண்டா நாலு ஸ்க்ரூ. அந்தச் சட்டத்தைக் கழட்டி புதுசுக்கு மாட்டி, அப்படியே உள்ள தள்ளணும். டக்குன்னு உக்காந்துக்கும். கூடவே 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் ஒண்ணு, பழசு, சல்லிசாக் கெடச்சது, அதையும் போட்டேன். எஸ்.எஸ்.டி. போட்டா ஆன் ஆகுறது வேகமாகும். ஆனா இன்னிக்கு பிரவுசர்ல நாலு டேப் திறந்தா 2 ஜி.பி. ராம் மூச்சு முட்டிரும். ரெண்டும் சேந்தாத்தான் சரி.

பழைய டிஸ்க்க ஒரு யூ.எஸ்.பி. உறையில போட்டு, போட்டோவெல்லாம் வேற எடத்துல எடுத்து வச்சாச்சு. ஃபேர்வெல் போட்டோ ஒண்ணு வந்துச்சு. அதை வச்சு ஒரு சாயங்காலம் போச்சு. அதை விடுங்க.

இப்ப பெரிய கேள்வி. எந்த ஓ.எஸ்.?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திருச்சு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பு வேணும், இன்டெல்லா இருந்தா எட்டாவது தலைமுறை வேணும். அது வந்ததே 2017-ல. குறுக்கு வழியில நுழைக்கிறவங்க இருக்காங்க. நுழைச்சாலும் இந்தப் பெட்டி அதைச் சுமக்கணுமே.

இங்கதான் ஒரு கூத்து. இந்த லேப்டாப்ப அரசாங்கம் குடுக்கும்போதே விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் குடுத்துச்சு. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னையில இருக்குற சி-டாக் செஞ்சது, டெபியன் லினக்ஸை அடிப்படையா வச்சு, 2007-ல முதல்ல வந்தது. லேப்டாப் குடுக்குறதுக்கும் முன்னாடியே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசோட எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, ஆபீஸ் கம்ப்யூட்டரையெல்லாம் லினக்ஸுக்கு மாத்துனதும் பெரிய பேச்சா இருந்துச்சு.

எங்க செட்டு என்ன பண்ணுச்சு? லேப்டாப் வாங்குன வாரமே கடைக்குத் தூக்கிட்டுப் போயி, "அண்ணாச்சி, விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டு, படம் நெறைய ஏத்திக் குடுங்க." அல்டிமேட்டுன்னா என்னன்னு கேட்டவரும் இல்ல, சொன்னவரும் இல்ல. பேரு கெத்தா இருந்துச்சு, போட்டோம். திருட்டுப் பதிப்புங்கிறதால அப்டேட்ட அணைச்சு வச்சிருப்பாங்க. 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் உலகம் பூரா ஆடுச்சுல்ல? அதுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே அனுப்பிருச்சு. அப்டேட் போடாத மெஷினுங்கதான் பெரும்பாலும் மாட்டுச்சு, அதுலயும் விண்டோஸ் 7 ஏராளம்.

ஆக, சும்மா குடுத்தத அழிச்சுட்டு, திருட்டுத்தனமா ஒண்ணைப் போட்டு, அதுக்கு ஐநூறு ரூவா வேற குடுத்தோம். நல்ல யாவாரம்!

இப்ப சுத்தி வந்து அதே குடும்பத்துக்குத்தான் போனேன். டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியானது. பாஸுக்கு டெபியன்தான் தாய்வீடு. எக்ஸ்.எஃப்.சி.இ.ன்னு ஒரு லேசான முகப்பு இருக்கு, அலங்காரம் கம்மி, ராமை அவ்வளவாத் திங்காது. (லினக்ஸ் மிண்ட் போடுறவங்க தாராளமாப் போடுங்க, நல்லாத்தான் இருக்கும். இதுல ஜாதிச் சண்டை வேண்டாம். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. டெபியன் 13-ல 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர் கெடையாது. ரொம்பப் பழசா இருந்தா முதல்ல ப்ராசஸர் 64 பிட்டான்னு தெரிஞ்சுக்கோங்க.)

பென் டிரைவுல ஏத்துறது. சின்ன ஐ.எஸ்.ஓ. ஒண்ணு இருக்கு, முக்கால் ஜி.பி. அளவு. ஆனா அது போடப் போட மிச்சத்தை இன்டர்நெட்ல இருந்து இழுக்கும். எங்க ஊரு சிக்னல நம்பி அந்த விஷப்பரீட்சைக்கு நான் வரல. பெருசையே இறக்கிட்டேன். ரூஃபஸ்ங்கிற மென்பொருள்ல எழுதும்போது "ஐ.எஸ்.ஓ. முறையா, டி.டி. முறையா"ன்னு கேட்டுச்சு. முதல் முறையில எழுதுனா இந்தப் பழைய பயாஸ் பென் டிரைவ கண்டுக்கவே இல்ல. டி.டி. முறையில எழுதுனதும் "ஓ, நீயா, வா"ன்னு சேத்துக்கிச்சு.

பயாஸுக்குள்ள போனவுடனே ரெண்டு வேலை. ஒண்ணு, சாட்டா முறை ஏ.ஹெச்.சி.ஐ.ன்னு இருக்கணும். பழசுல சிலதுல ஐ.டி.இ.ன்னு இருக்கும். ஓ.எஸ். போடுறதுக்கு முன்னாடியே மாத்திரணும். ரெண்டாவது, தேதி.

இந்தத் தேதிதான் என் உசுர வாங்குச்சு.

வருஷக்கணக்கா பரண்ல கெடந்ததுல போர்டுல இருக்குற பொட்டு பேட்டரி செத்துருச்சு. ஒவ்வொரு தடவை வயரைப் புடுங்கும்போதும் லேப்டாப்பு பழைய காலத்துக்குப் போயிருது. ஜெயலலிதா ஆட்சி, அப்டேட் இல்ல, நிம்மதி. ஆனா ஓ.எஸ். போட்ட பெறகு மென்பொருள் இறக்கப் போனா, "இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகல"ன்னு மூஞ்சியத் திருப்பிக்குது. அதுக்குப் பாத்தா நாம வருங்காலத்துல இருந்து வந்திருக்கோம்! எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லங்குது. நெட்டு கோளாறுன்னு ரவுட்டரத் திட்டி, டவரத் திட்டி, கடைசியில மூலையில சின்னதாத் தெரிஞ்ச கடிகாரத்தைத் தங்கச்சிதான் காட்டுனா. "அண்ணே, இதுல நான் இன்னும் ப்ளஸ் டூ படிக்கேன்ணே."

பொட்டு பேட்டரி சி.ஆர்.2032. ரிமோட், தராசுல எல்லாம் போடுறதுதான். சில லேப்டாப்புல அதுக்கு ரெண்டு வயர் வச்சு பிளாஸ்டிக்கு சுத்தி வரும், அதுக்கேத்ததா வாங்கணும். அதை மாத்துனதும் எல்லாம் சரி.

இன்ஸ்டாலர் கெளம்புனதும் மொழிப் பட்டியல். தமிழ் இருக்கு! (படம் காட்டுற முகப்புல மட்டும். வெறும் எழுத்து முகப்புல தமிழ் வராது.) அதைத் தொட்டதும் கேள்வியெல்லாம் தமிழ்ல வருது. அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு பக்கத்துல வந்து உக்காந்து, ஒவ்வொரு கேள்வியா சத்தமா வாசிச்சாங்க. இந்த வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வேலையில அம்மா கருத்து சொன்னது இதுதான் முதல் தடவை. "நாடு கேக்கு பாரு, இந்தியான்னு போடு." போட்டேன்.

கீபோர்டு கேக்கும்போது மட்டும் ஆங்கிலத்தையே வச்சுக்கோங்க. பாஸ்வேர்ட் அடிக்க அதுதான் வசதி. தமிழ்99 கீபோர்டை அப்புறமா ஐபஸ்ங்கிற மென்பொருள்ல சேத்துக்கலாம்.

அடுத்து டிஸ்க்கப் பிரிக்கிற கட்டம். நெறைய பேரு பயப்படுறது இங்கதான், பயப்பட வேண்டியதும் இங்கதான். பட்டியல்ல ரெண்டு டிஸ்க் காட்டும். 240 ஜி.பி. புதுசு. இன்னொண்ணு நம்ம பென் டிரைவு. பேரைப் பாக்காதீங்க, அளவைப் பாருங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கு பக்கத்துலயே இருக்கக் கூடாது, கழட்டி அலமாரியில வச்சிருங்க. இல்லாத டிஸ்க்க யாராலயும் அழிக்க முடியாது. "முழு டிஸ்க்கையும் பயன்படுத்து, எல்லாம் ஒரே பகுதியில"ன்னு குடுத்தாப் போதும். நாலஞ்சு பகுதியாப் பிரிச்சு வைக்கிறது அந்தக் காலத்து சி, டி, ஈ பழக்கம். கடைசியில, ஓ.எஸ்.ஸக் கெளப்பி விடுற கிரப்ப எங்க போடன்னு கேக்கும். அங்கயும் 240-ஐத்தான் காட்டணும். பென் டிரைவக் காட்டிட்டா, அதைச் செருகுனாத்தான் லேப்டாப்பே கெளம்பும், சாவி தொலைஞ்ச பைக்கு கணக்கா.

காப்பி ஆகிக்கிட்டு இருக்கு. அறுபது சதவீதம்.

கரண்டு போச்சு.

மாசாந்திர பராமரிப்பு. காலையில பேப்பர்லயே போட்டிருந்துச்சாம். லேப்டாப்பு பேட்டரி செத்து எத்தன வருஷமோ! திரை கறுத்துருச்சு. "ஐயையோ, ரெண்டாயிரம் போச்சா?"ன்னு அம்மா. ஒண்ணும் போகல. பாதியில நின்ன இன்ஸ்டாலால டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது, முதல்ல இருந்து ஆரம்பிச்சாப் போதும். மறுபடி ஆரம்பிச்சது இன்வெர்ட்டர் இருக்குற சித்தப்பா வீட்டுல. அங்க காப்பி, முறுக்கு எல்லாம் கெடச்சதால இந்த முறையையே எல்லாருக்கும் பரிந்துரைக்கேன்.

முடிஞ்சது. பென் டிரைவ உருவிட்டு ஆன் பண்ணுனேன். இருபது செகண்டு சொச்சத்துல பாஸ்வேர்ட் கேட்டுச்சு. "இன்னொருக்கா பண்ணு"ங்கா. பண்ணுனேன். "இன்னொருக்கா."

வைஃபை மட்டும் மொரண்டு புடிச்சா பதறாதீங்க. போனை வயர்ல மாட்டி யூ.எஸ்.பி. டெதரிங் போட்டா நெட்டு வந்துரும், அதை வச்சு டிரைவரை இறக்கிக்கலாம். எஸ்.எஸ்.டி.க்கு டிஃப்ராக் பண்ணாதீங்க, அது சுத்துற தட்டுக்கான வைத்தியம். வாரம் ஒருக்கா ட்ரிம் ஓடுதான்னு மட்டும் பாத்துக்கோங்க, அழிச்ச இடத்தை அது சுத்தம் பண்ணி வைக்கும். தமிழ்ல படிச்சுக்கிட்டே செய்யணும்னா, 2012-ல இருந்து கணியம் இதழ்க்காரங்க லினக்ஸப் பத்தி எளிய தமிழ்ல எழுதி இலவசமாவே குடுக்குறாங்க. விழுப்புரத்துல வி.ஜி.எல்.யு.ஜி.ன்னு ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே குடுக்குறாங்க.

நம்ம பக்கம்? தென்காசிக்கிட்ட மத்தளம்பாறையில ஜோஹோ மென்பொருள் கம்பெனி வந்தது 2011. விலையில்லா லேப்டாப் வந்ததும் 2011. இவ்வளவு வருஷம் கழிச்சும் "ஓ.எஸ். போடணும்"னா பஸ் ஏறுறோம்.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. பதினொண்ணாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்துல, 2018-ல பாடத்திட்டம் மாறுனதுல இருந்து, விண்டோஸ் கூட உபுண்டுவும் பாடமா இருக்கு. பிள்ளைக படிக்குது, மார்க்கும் வாங்குது. ஆனா ஒரு மெஷினை அழிச்சு, புதுசா ஓ.எஸ். போட்டு, அது கெளம்புறதைப் பாத்த பிள்ளை எத்தன இருக்கும்? அழிச்சாலும் பரவாயில்லங்கிற மெஷினு ஒண்ணு கையில இருந்தாத்தான் அந்தத் தைரியம் வரும். அப்படிப்பட்ட மெஷினு ஊரு பூரா பரண்ல கெடக்கு. 2025 பட்ஜெட்ல காலேஜ் பிள்ளைகளுக்கு 20 லட்சம் லேப்டாப்போ டேபோ தர்றதா அறிவிச்சாங்க. புதுசு வரட்டும், சந்தோஷம். பழசுல நாலை வாங்கி ஸ்கூல்ல போட்டு, மாசத்துல ஒரு பீரியடு பிள்ளைகளைப் பிரிச்சு மேய விடலாம்ல?

இந்தப் பக்கம் வாத்தியாரு, டீச்சரு யாராச்சும் சரின்னு சொன்னா, பென் டிரைவு, ஸ்க்ரூ டிரைவரோட நான் வாரேன். தங்கச்சியையும் கூட்டிட்டு வாரேன், சித்தப்பா வீட்டு லேப்டாப்புக்கு இப்ப அவதான் போட்டுக் குடுத்தா. சனிக்கிழமையா இருந்தா நல்லது.

கரண்டு இருக்குற சனிக்கிழமையாப் பாத்துச் சொல்லுங்க.